வாடகைக்கு விட ஒரு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. வாடகைக்கு விட்டுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் அவர்கள் சேர்த்துச் சொல்லியிருந்தால், பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு அது பெரிதும் உதவியிருக்கும். இருபது முப்பது ஆண்டுகள் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகையை ஒரு வீட்டில் போட்டு, அதன் குடிக்கூலியைக் கொண்டு முதுமையைக் கழிக்கலாம் என்பது நம்மவர் பலரது எண்ணம். எண்ணம் நல்லதே. ஆயினும் அத்தொகை ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் சேரும். தவறான வீட்டில் போய் முடங்கினால் மறுமுறை சேர்க்க வயது இடங்கொடாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்களே, அந்த அளவைத்தான் இன்று நாம் எடுத்துப் பேச விரும்புகிறோம்.

எடுத்துக்காட்டாக ஆனேக்கலைக் கொள்வோம். பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடித் தாலுகா அது. தாலுகாவின் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், அதாவது தமிழ்நாடு. ஊருக்குப் போய்வரும் வழியிலேயே இருப்பதால், பெங்களூரில் வாழும் தமிழர் மட்டுமன்றி, தில்லியிலும் மும்பையிலும் உள்ளவர்கள்கூட ஓய்வுக்குப் பின் தங்கவோ வாடகைக்கு விடவோ இப்பக்கத்தை நாடுகின்றனர். 1978 ஆம் ஆண்டில் கர்நாடக மாநில அரசின் மின்னணு நிறுவனம் தோற்றுவித்த எலெக்ட்ரானிக் சிட்டி, அதனை அடுத்த பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகள், 2010 ஆம் ஆண்டில் ஓசூர்ச் சாலையின்மேல் திறக்கப்பெற்ற உயர்மட்டப் பாதை, 2025 ஆகஸ்டு 10 ஆம் நாள் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை தொடங்கி வைக்கப்பெற்ற மஞ்சள் வழித்தட மெட்ரோ ஆகிய இவையெல்லாம் சேர்ந்து, ராகியும் காய்கறியும் விளைந்த வயல்களை வீட்டு மனைகளாக மாற்றிவிட்டன.

வாங்க வருபவர் முதலில் இழைக்கும் பிழை, தமக்குப் பிடித்த வீட்டைத் தேடுவது. வாடகை வீட்டில் நாம் குடியிருக்கப் போவதில்லை. ஆதலின் குடியிருக்க வருபவனின் கண்கொண்டே அதனைக் காண வேண்டும். ஜிகணியில் எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி இரவு முறை முடிந்து நடந்தே வீடு சேர விரும்புகிறான். பொம்மசந்திராவின் பெரிய மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலிக்கு இருட்டில் அஞ்சாமல் வரத் தக்க தெரு வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் கணிப்பொறி வேலை பார்க்கும் தம்பதியருக்குக் குழந்தையின் பள்ளியும் தடையில்லாத மின்சாரமும் முதன்மை. இம்மூவரில் நம் வீட்டுக்கு உரியவர் யார் என்பதைத் தீர்மானித்த பிறகே வீட்டைப் பார்க்கப் புறப்படுதல் வேண்டும்.

"மெட்ரோவுக்கு மிக அருகில்" என்ற விளம்பரத்தையும் இக்கண்கொண்டே அளக்கலாம். மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவில் முடிந்துவிடுகிறது. ஆனேக்கல் ஊர் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. விளம்பரத்தை நம்பாமல், ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவ்வீட்டு வாயிலிலிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ நாமே நிலையம் வரை போய்ப் பார்த்துவிடுவது நலம். அத்தெருவில் "பாடிகெ" என்று எழுதிய பலகைகள் எத்தனை தொங்குகின்றன என்பதையும் எண்ணிவிடலாம். நம் வாடகையே கன்னடத்தில் பாடிகெ ஆகிறது. பலகைகள் பல தொங்கினால், வீடுகள் பல காலியாக உள்ளன என்று பொருள்.

அடுத்தது கணக்கு. விளங்குதற்பொருட்டு ஓர் உதாரணம் சொல்வோம். 50 லட்சம் ரூபாய்க்கு ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்குகிறோம். மாத வாடகை 18,000 ரூபாய் வரும் என்று தரகர் சொல்கிறார். ஆண்டுக்கு 2,16,000, போட்ட பணத்துக்கு 4.3 விழுக்காடு என்று அவர் கணக்குக் காட்டுவார். உண்மைக் கணக்கு வேறு. இவ்விலையுள்ள வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு. அதன்மேல் துணைத் தீர்வைகள். 2025 ஆகஸ்டு 31 முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆகமொத்தம் ஏழரை விழுக்காட்டை ஒட்டி வருகிறது. வழக்கறிஞர் கட்டணமும் சில்லறைச் சீரமைப்பும் சேர, நம் கையிலிருந்து போவது ஏறக்குறைய 54 லட்சம். வரவிலோ, குடித்தனம் மாறும்போது ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாக நிற்கும் என்று கொண்டால் 1,98,000 தான். சொத்துவரி, பழுது, வண்ணப்பூச்சு, தரகு ஆகியவற்றுக்கு 38,000 ஒதுக்கினால் எஞ்சுவது 1,60,000. இது 3 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. வங்கியில் வைப்பாக இட்டிருந்தால் இதனினும் மிகுதியாக வட்டி வந்திருக்கும்.

அங்ஙனமாயின் வீடே வாங்க வேண்டாமா என்று கேட்கலாம். வைப்புத் தொகை காலப்போக்கில் தேய்கிறது. வீட்டு வாடகை விலைவாசியோடு உயரக் கூடும். நிலத்தின் விலையும் ஏறக் கூடும். ஏறக் கூடும் என்பதை ஏறியே தீரும் என்று படிப்பதில்தான் இடர் இருக்கிறது. கடன் வாங்கி வாங்குவோர்க்கு இடர் இன்னும் பெரிது. மேற்சொன்ன வீட்டுக்கு 40 லட்சம் ரூபாயை எட்டரை விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். முதல் மாத வட்டி மட்டுமே 28,000 ரூபாயைக் கடந்துவிடும். 18,000 ரூபாய் வாடகை அவ்வட்டிக்கே போதாது. குடித்தனக்காரர் நம் கடனை அடைத்துவிடுவார் என்று சொல்லும் தரகரிடம் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டலாம். வீடு காலியாக இருந்தாலும் தவணை தவறாமலிருக்க, ஆறு மாதத் தவணைக்குரிய 2 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைத் தனியே வைத்திருப்பவரே கடன் வாங்கத் தகுதியுடையவர் என்பது நம் கருத்து.

சிறு குடித்தனங்கள் கட்டினால் வருவாய் பெருகும் என்பர். சென்னையில் ஒண்டுக் குடித்தனம் என்று நாம் அறிந்ததைப் பழைய பெங்களூரில் வட்டாரம் என்பார்கள். தொழிற்பேட்டைகளை அடுத்த ஊர்களில், இருபதுக்கு முப்பது அடி மனையில் நான்கு மாடி எழுப்பி, மாடிக்கு இரண்டாக ஒற்றை அறை வீடுகளை அடுக்கியிருப்பதைக் காணலாம். போட்ட பணத்துக்கு வாடகை கூடுதலாக வருவது மெய். ஆயின் குடித்தனக்காரர் அடிக்கடி மாறுவர். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் கணக்குப் பிரிக்க வேண்டும். கட்டடம் அனுமதி பெற்ற வரைபடத்தை மீறியிருந்தால் அடித்தளமே ஆட்டம் காணும். உரிய சான்றிதழ் பெறாத கட்டடங்களுக்கு மின், நீர் இணைப்புகள் வழங்கலாகாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. விளக்கெரியாத வீட்டுக்கு வாடகை யார் தருவார்? ஆதலின் அனுமதி வரைபடத்தையும் குடிபுகற் சான்றிதழையும் கண்ணால் கண்ட பிறகே முன்பணம் தருதல் தகும்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். பிற மாநிலத்தில் வீடு வாங்கும் தமிழர் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுவே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒன்று புலனாகிறது: முற்றும் தெரியாத சொல் நம்மை ஏமாற்றுவதில்லை, தெரிந்தது போலத் தோன்றும் சொல்லே ஏமாற்றுகிறது. கன்னடத்தில் கிரய பத்திரம் என்பது நம் கிரயப் பத்திரமே. எல்லைகளைக் குறிக்கும் சக்குபந்தியும் நம் பத்திர எழுத்தர்கள் எழுதும் செக்குபந்தியே. இவ்வாறு நான்கு சொல் விளங்கியதும் முழுப் பத்திரமும் விளங்கிவிட்டதாக மயங்குகிறோம்.

காத்தா என்னும் சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பட்டா கையில் இருந்தால் மனம் அமைதியடைகிறது. அதே எண்ணத்தோடு இங்கே காத்தாவைக் கேட்கிறோம். காத்தா என்றால் கணக்கு. சொத்துவரி யார் பெயரில் வசூலிக்கப்படுகிறது என்பதை உள்ளாட்சி அமைப்பு பதிந்து வைக்கும் கணக்கே அது. காத்தா இல்லாமல் வாங்கலாகாது. காத்தா ஒன்றைக் கொண்டே உரிமை உண்டென்று முடிவு கட்டவும் ஆகாது. உரிமையைக் காட்டுவது, தாய்ப் பத்திரம் முதல் இன்றுள்ள உரிமையாளர் வரை இடையறாது வரும் பத்திரத் தொடரும், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்றிதழுமே. ருணபார பிரமாண பத்திரம் என்று கன்னடத்தில் வழங்கும் இச்சான்றிதழை, பதிவுத் துறையின் காவேரி இணையத் தளத்தின் வாயிலாகவே பெறலாம். விற்பவர் தரும் படியை ஏற்காமல், நாமே விண்ணப்பித்து வாங்குவது முறை.

ஊராட்சிப் பகுதியிலுள்ள மனைகளுக்கு, இ-ஸ்வத்து என்னும் முறையில் 9 ஆம் எண் படிவமும் 11 ஆம் எண் படிவமும் வழங்கப்படுகின்றன. பதினொன்றில் ஏ, பி என இரு வகை உண்டு. பி வகை, முறையான அங்கீகாரம் பெறாத சொத்துக்கு உரியது. பெயர் ஒன்றே என்று எண்ணி ஏமாறுவோர் இங்கும் உளர். அவ்வாறே ரெவின்யூ சைட் என்பதும் கம்பீரமாக ஒலிக்கிறது. உண்மையில் அது, கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964 இன்படி வீட்டு மனையாக மாற்றப்பெறாத விளைநிலத்தைக் கூறுபோட்டு விற்பதாகும். விலை மலிவாக இருப்பதன் காரணம் அதுவே. மாற்றல் ஆணை, ஆனேக்கல் திட்டமிடல் ஆணையம் போன்ற உரிய அமைப்பு ஒப்பிய மனைப்பிரிவு வரைபடம், புதிய அடுக்குமாடியாயின் 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பெற்ற ரெரா பதிவெண் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

அளவையிலும் கவனம் தேவை. இங்கே குண்டா கணக்கு வழங்குகிறது. 40 குண்டா ஓர் ஏக்கர். ஒரு குண்டா 1,089 சதுர அடி. நம் கணக்கில் இரண்டரை சென்ட். முப்பதுக்கு நாற்பது என்று சொல்லும் மனை 1,200 சதுர அடி. சென்னைக் கணக்கில் அரைக் கிரவுண்டு. பழைய பத்திரங்களில் சர்வே எண்களைக் கன்னட எண்ணுருக்களில் எழுதியிருப்பார்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட்டுக் கொள்க.

எல்லாவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு: இந்த நிலம் முதன்முதலில் யாருக்கு, எவ்வாறு கிடைத்தது? அட்டவணைச் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு அளித்த நிலங்களை, அளித்த நிபந்தனைகளை மீறியோ அரசின் முன் அனுமதி இன்றியோ விற்றால் அவ்விற்பனை செல்லாது என்று 1978 ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம் கூறுகிறது. நிலம் மீட்கப்பெற்று, பெற்றவருக்கோ அவர்தம் வாரிசுக்கோ திரும்பும். வறியவர் நிலம் கைமாறிப் போகாமல் காப்பதற்கென்றே இயற்றிய சட்டம் இது. மீட்கக் கோருவதற்குக் காலவரம்பு இல்லை என்று 2023 ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. நாம் நல்லெண்ணத்தோடு வாங்கினோம் என்பது அங்கே விடையாகாது. ஆதலின் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றோடு நில்லாமல், நிலத்தின் ஆதிப் பதிவேடுகளை இம்மாநிலச் சட்டம் அறிந்த, கன்னடம் படிக்கும் வழக்கறிஞரிடம் காட்டி, அவர் கருத்தை எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது. அவ்வழக்கறிஞர் விற்பவரோ தரகரோ அமர்த்தியவராக இருத்தல் ஆகாது. பொது அதிகாரப் பத்திரத்தைக் காட்டி விற்பனை முடிந்தது என்பாரையும் நம்ப வேண்டா. அத்தகைய பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011 ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

தண்ணீரைப் பற்றிச் சில சொற்கள். ஆனேக்கல் தாலுகாவின் பெரும்பகுதி ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருப்பது. 2024 ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூர் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சந்தாபுர ஏரி மாசடைந்தமைக்காக 2022 ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் செலுத்துமாறு மாநில அரசுக்கு ஆணையிட்டதும் இத்தாலுகாவில்தான். வீட்டை மழைக்காலத்தில் பார்த்து மகிழாமல், ஏப்ரலில் ஒருமுறை சென்று, கிணற்றின் ஆழம் எவ்வளவு, லாரி வாரத்துக்கு எத்தனை வருகிறது, அதன் செலவு யாருடையது என்று அக்கம்பக்கத்தாரை விசாரிப்பது நலம். ஏரிக்கரையையும் மழைநீர்க் கால்வாயையும் ஒட்டிய மனையைத் தவிர்ப்பது அதனினும் நலம்.

வீடு வாங்கியாயிற்று, குடித்தனமும் வந்தாயிற்று. கர்நாடக வாடகைச் சட்டம், 1999, நகரங்களில் மாதம் 3,500 ரூபாய்க்கும் பிற இடங்களில் 2,000 ரூபாய்க்கும் மேற்பட்ட வாடகைக்குப் பொருந்துவதில்லை. ஆதலின் இன்றைய வாடகைகளில் பெரும்பாலானவற்றுக்கு, 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் நாம் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமுமே துணை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தல் கட்டாயம் என்பதனாலேயே 11 மாத ஒப்பந்தம் வழக்கமாயிற்று. மாதவாடகைக் குடித்தனத்தை நிறுத்த, ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லையேல், 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வாடகை நின்றுபோனால் மின்சாரத்தைத் துண்டிப்பதோ பூட்டை மாற்றுவதோ முறையாகாது, நீதிமன்றமே வழி. வாடகை, ஆண்டு உயர்வு, பராமரிப்புக் கட்டணம், தண்ணீர்ச் செலவு, காலி செய்யும்போது வண்ணப்பூச்சுக்குக் கழிக்கும் தொகை ஆகிய அனைத்தையும் குடித்தனக்காரருக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுத்தால் பின்னால் பூசல் எழாது.

முன்பணம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது பெங்களூரின் நெடுநாள் வழக்கம். இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது என்று மத்திய அரசின் 2021 ஆம் ஆண்டு மாதிரிச் சட்டம் கூறுகிறது. மாநிலம் சட்டமாக்கினாலன்றி அது கட்டுப்படுத்தாது. எத்தனை மாதம் வாங்கினாலும் அது நம் பணம் அன்று. அதனை எடுத்துத் தவணை கட்டியோ நகை வாங்கியோ செலவழித்துவிட்டு, அடுத்த குடித்தனக்காரர் தரும் பணத்தைக் கொண்டு முன்னவருக்குத் தருவோம் என்றிருப்பவர்கள், நடுவில் வீடு இரண்டு மாதம் காலியானால் தலைகுனிய நேர்கிறது. லீஸ் என்று இங்கு வழங்கும் முறை, அதாவது மாதவாடகை இன்றிப் பெருந்தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டை ஒப்படைப்பது, நம் ஒத்தி அல்லது போக்கியம் போன்றதே. கைக்கு வந்த பல லட்சம் வருவாய்போல் தோன்றும். உண்மையில் அது தவணைநாள் குறித்த கடன். புதிதாகத் தொடங்குபவர் அதன் பக்கம் போகாதிருத்தல் நன்று.

வருமான வரியில், வாடகைத் தொகையிலிருந்து நாம் செலுத்திய சொத்துவரியைக் கழித்து, எஞ்சியதில் 30 விழுக்காட்டைப் பழுது முதலிய செலவுக்காக விலக்குவர். உண்மையில் செலவு எவ்வளவு என்று கேட்பதில்லை. கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. ஆயினும் புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்கள், வீட்டால் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க இயலாது. வரி மிச்சமாகும் என்று கடன் வாங்குவோர் இதனை முன்னரே அறிய வேண்டும். மத்திய அரசு ஊழியர்களான நேயர்கள், 1964 ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, தம் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ அசையாச் சொத்து வாங்குமுன் அலுவலகத்துக்குத் தெரிவித்தல் கடமை.

தொலைவில் வாழ்பவர்க்கு இறுதியாக ஒரு சொல். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தினால், வாடகை வசூலுக்கும் பழுது பார்ப்பதற்கும் மட்டுமே அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை உறவினர்க்கும் கொடுக்க வேண்டா. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் சென்று, வில்லங்கச் சான்றிதழைப் புதுப்பித்துப் பார்த்து, குடித்தனக்காரரோடு ஒரு வேளை உட்கார்ந்து பேசுங்கள். அவர் ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்த தொழிலாளியாக இருக்கலாம். நாம் ஒரு காலத்தில் வேற்றூரில் வீடு தேடி அலைந்ததுபோல் அவரும் அலைந்து வந்தவரே. குழாய் ஒழுகுகிறது என்று அவர் சொன்ன அன்றே ஆளை அனுப்புபவரின் வீடு நெடுநாள் காலியாகக் கிடப்பதில்லை.